ஈலை மேனிங் ஹால் ஆஃப் ஃபேமுக்கு உரியவரா? வாதத்தில் இறங்கும் முன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக 2004 முதல் 2019 வரை 16 சீசன் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவராக, ஆடியவர் ஈலை மேனிங். அந்த விளையாட்டின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் அவர் போக வேண்டுமா என்பதே சண்டை. இரண்டு சூப்பர் பௌல் (லீக்கின் இறுதியாட்டம்) வெற்றி, இரண்டிலும் ஆட்ட நாயகன் விருது. ரெகுலர் சீசனில், அதாவது நாக்அவுட்டுக்கு முந்தைய லீக் ஆட்டங்களில், குவார்ட்டர்பேக்காக 117 வெற்றி, 117 தோல்வி. வீச்சில் 57,023 யார்டு, 366 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது), 244 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த வீச்சு). இந்த எண்களை யாரும் மறுப்பதில்லை. அப்படியும் அவரைப் பற்றிய சண்டை ஓயாததற்குக் காரணம், ஆளுக்கொரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல்வதுதான். ஒருவர் உச்சத்தை அளக்கிறார், இன்னொருவர் சராசரியை அளக்கிறார். எதற்கு எவ்வளவு எடை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நல்ல விவாதம் வேண்டுமானால் அந்த எடையை முதலிலேயே மேசையில் வைக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை ஈலையை வைத்தே பார்க்கலாம். அவரைவிடப் பொருத்தமான ஆள் இந்த வேலைக்குக் கிடைக்க மாட்டார்.

கேள்வியைப் பூட்டுங்கள்

"தகுதி உண்டா" என்பதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. என்றைக்காவது ஒருநாள் அவர் உள்ளே போக வேண்டுமா? தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே போயிருக்க வேண்டுமா? இந்த ஆண்டுப் பட்டியலில் இருப்பவர்களில் முதல் ஐந்து பேருக்குள் அவர் வருவாரா? பலர் முதல் கேள்விக்கு "ஆம்" என்பார்கள், இரண்டாவதற்கு "இல்லை" என்பார்கள். அதில் முரண்பாடு எதுவும் இல்லை. விவாதம் தொடங்குமுன் இவற்றில் ஒன்றைத் தாளில் எழுதி இரு தரப்பும் ஒப்புக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டால் பாதி வழியில் ஒருவர் "நான் எப்பவுமே வேண்டாம்னு சொல்லலையே, இப்ப வேண்டாம்னுதான் சொன்னேன்" என்பார். அதுவரை பேசியது அத்தனையும் வீண்.

உண்மையில் வாக்களிப்பவர்கள் பதில் சொல்வது மூன்றாவது கேள்விக்கு. அதனால் விதிமுறை தெரியாமல் வாதாடக் கூடாது.

ஹால் ஆஃப் ஃபேம் இருப்பது ஓஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில். திறந்தது 1963-இல். ஓர் ஆட்டக்காரர் கடைசியாக ஆடி ஐந்து ஆண்டு கழிந்த பிறகுதான் அவர் பெயர் பட்டியலுக்கு வரும். தேர்வுக் குழுவில் 50 பேர், பெரும்பாலும் விளையாட்டுச் செய்தியாளர்கள். பெரிய பட்டியல் படிப்படியாகச் சுருங்கி 15 பேராகும். இறுதிக் கூட்டத்தில் அது 10 ஆகும், பிறகு 7. அந்த ஏழு பேரில் ஒவ்வொரு உறுப்பினரும் ஐந்து பேருக்கு வாக்களிப்பார். 80 விழுக்காடு, அதாவது 40 வாக்கு விழுந்தால் உள்ளே. நவீன காலத்து ஆட்டக்காரர்களில் ஓர் ஆண்டில் குறைந்தது 3 பேர், அதிகம் 5 பேர்.

இந்த முறை 2025 தேர்விலிருந்து வந்தது. இதன் கெடுபிடியைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். 50 பேர் தலா 5 வாக்கு என்றால் மொத்தம் 250. அவை ஏழு பேருக்கும் சமமாகப் பிரிந்தால் ஆளுக்கு 36-ஐத் தொடாது. ஒருவர்கூட 40-ஐத் தொட மாட்டார்கள். அதனால்தான் 2025-இல் நவீனப் பிரிவில் எரிக் ஆலன், ஜாரெட் ஆலன், அன்டோனியோ கேட்ஸ் என்று மூன்றே பேர் போனார்கள். ஈலை அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் இறுதிப் பதினைந்தில் இருந்தும் தேர்வாகவில்லை. 2026-இல் இன்னொரு குவார்ட்டர்பேக்கான ட்ரூ ப்ரீஸ், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே போய்விட்டார். ஏழு பேருக்குள் வந்துவிட்டாலும், பதினோரு பேர் ஒதுக்கினாலே கதை முடிந்தது. ஆகவே "பெரும்பாலானோர் ஆதரிக்கிறார்களே" என்ற வாதத்துக்கு இங்கே மதிப்பில்லை.

இன்னொன்று: களத்துக்கு வெளியே ஆட்டக்காரர் செய்ததைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது விதி. ஈலைக்கு 2016-இல் லாரி ஃபிட்ஜெரால்டுடன் பகிர்ந்து கிடைத்த வால்டர் பேட்டன் சமூகச் சேவை விருது அருமையான விருதுதான், ஆனால் இந்த விவாதத்தில் அது செல்லாது. குவார்ட்டர்பேக்குகளுக்குப் பேர்போன அவருடைய மேனிங் குடும்பப் பெயரும் அப்படித்தான், அது எந்தப் பக்கம் இழுத்தாலும்.

தாளில் என்ன எழுத வேண்டும்

ஓர் ஏ4 தாள் போதும். மொத்தக் கணக்கு ஒரு வரி. வீச்சு ஒன்றுக்கான சராசரி ஒரு வரி. லீக் சராசரியோடு ஒப்பீடு ஒரு வரி. ஆண்டின் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ப்ரோ, ப்ரோ பௌல் போன்ற அந்தந்தக் கால அங்கீகாரம் ஒரு வரி. சீசன் முடிவில் வரும் நாக்அவுட் சுற்றான ப்ளேஆஃப் தனியாக. எல்லா எண்களும் ஒரே இடத்திலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். ரெகுலர் சீசனையும் ப்ளேஆஃபையும் கலந்து கூட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. 57,023 என்பது ரெகுலர் சீசன் மட்டும்.

மொத்தக் கணக்கை நம்பி வாதத்தைக் கட்டாதீர்கள். ஓய்வு பெற்றபோது யார்டிலும் டச்டவுனிலும் ஈலை எல்லாக் காலத்திலும் ஏழாவது இடத்தில் இருந்தார். கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் 16 சீசன், 8,119 வீச்சு, தொடர்ந்து 210 ஆட்டம், அதுவும் வீசும் ஆட்டத்துக்குச் சாதகமாக விதிகள் மாறிய காலம். 1978-இல் ரிசீவரை, அதாவது வீச்சைப் பிடிப்பவரை, ஐந்து யார்டுக்கு அப்பால் தொடக் கூடாது என்றார்கள், 2004-இல் அதைக் கறாராக அமல்படுத்தினார்கள். ஈலை லீக்குக்குள் வந்த ஆண்டே அதுதான். எதிர்த்தரப்பு இதைச் சொன்னால் உங்கள் ஏழாம் இடம் அங்கேயே சரிந்துவிடும்.

வீச்சுக்கான சராசரிக்குப் பாஸர் ரேட்டிங் என்ற பழைய அளவு இருக்கிறது. நான்கு துண்டு:

பிடிபட்ட விழுக்காட்டிலிருந்து 30 கழித்து 0.05-ஆல் பெருக்குங்கள். ஈலைக்கு 60.29, ஆகவே 1.51.
வீச்சுக்கான யார்டிலிருந்து 3 கழித்து 0.25-ஆல் பெருக்குங்கள். 7.02, ஆகவே 1.01.
டச்டவுன் விழுக்காட்டை 0.2-ஆல் பெருக்குங்கள். 4.51, ஆகவே 0.90.
இன்டர்செப்ஷன் விழுக்காட்டை 0.25-ஆல் பெருக்கி 2.375-இலிருந்து கழியுங்கள். 3.01, ஆகவே 1.62.

நான்கையும் கூட்டி ஆறால் வகுத்து நூறால் பெருக்கினால் 84.1. எந்தத் துண்டும் 2.375-ஐத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு உண்டு. அதனால்தான் முழுமதிப்பெண் 158.3 என்ற விசித்திர எண்ணாக இருக்கிறது. இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்பதில் லாபம் உண்டு: இந்த அளவில் ஸாக் (வீசும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) இல்லை, பந்தை நழுவவிட்டது இல்லை, ஓடி எடுத்த யார்டு இல்லை என்பது தானாகத் தெரியும்.

84.1 நல்லதா கெட்டதா? தனியாகப் பார்த்தால் சொல்ல முடியாது. ஈலை ஆடிய ஆண்டுகளில் லீக் சராசரி ரேட்டிங் 80-ஐ ஒட்டிய எண்ணிலிருந்து மெல்ல ஏறி 2018-இல் தொண்ணூறைத் தாண்டியது. ஆக அவர் சராசரியை ஒட்டியே இருந்தவர். 1960-70களின் குவார்ட்டர்பேக் ஜோ நேமத்தின் ரேட்டிங் 65.5. ஆனால் அவர் காலத்தில் லீக்கே அறுபதுகளில்தான் இருந்தது. வேறு காலத்து ஆட்டக்காரர்களை ஒப்பிடும்போது ஒவ்வொரு சீசனிலும் அவர் எண்ணை அந்த ஆண்டு லீக் சராசரியால் வகுத்து, வீச்சு எண்ணிக்கைக்கு ஏற்ப எடை போட்டுக் கூட்டுங்கள். சோம்பல்பட்டால் ஒப்பீட்டை ஒரே காலத்தவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கு ஈலை விஷயத்தில் வசதியான ஏற்பாடு இருக்கிறது. 2004 ட்ராஃப்டில் (அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் பதினொரு தேர்வுகளுக்குள் மூன்று குவார்ட்டர்பேக்குகள்: ஈலை, ஃபிலிப் ரிவர்ஸ், பென் ராத்லிஸ்பெர்கர். முதல் இருவரையும் அன்றே இரு அணிகள் மாற்றிக்கொண்டன. ஒரே காலம், ஒரே விதிகள், ஏறக்குறைய ஒரே அளவு வீச்சு. இங்கே திருத்திய யார்டு சராசரியைப் போடுங்கள்: யார்டோடு டச்டவுனுக்கு 20 கூட்டி, இன்டர்செப்ஷனுக்கு 45 கழித்து, வீச்சு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஈலைக்கு 57,023 + 7,320 − 10,980 = 53,363. அதை 8,119-ஆல் வகுத்தால் 6.57. ரிவர்ஸுக்கு 2020 வரை 63,440 யார்டு, 421 டச்டவுன், 209 இன்டர்செப்ஷன், வருவது 7.68. ராத்லிஸ்பெர்கருக்கு 64,088, 418, 211, வருவது 7.46.

ரிவர்ஸுக்கும் ஈலைக்கும் வீச்சுக்கு 1.1 யார்டு இடைவெளி. சின்னதாகத் தெரியும். 8,119 வீச்சுக்குப் பெருக்கினால் சுமார் 9,000 யார்டு, அதாவது இரண்டு நல்ல சீசன். ஈலைக்கு எதிராக வாதாடுபவரிடம் இருக்கும் மிக வலுவான ஆயுதம் இதுதான். இதோடு ஒரு முறைகூட ஆல்-ப்ரோ அணியில், இரண்டாம் அணியில்கூட, இடம்பெறவில்லை என்பதையும், 2007, 2010, 2013 என மூன்று சீசன்களில் இன்டர்செப்ஷனில் லீக்கிலேயே முதலிடம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். 2013-இல் 18 டச்டவுனுக்கு 27 இன்டர்செப்ஷன். அந்த வரியைப் படித்துவிட்டு ஆதரவாளர் தண்ணீர் குடிக்க வேண்டியதுதான்.

117-117 என்ற பொறி

எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் எடுக்கும். எடுக்கட்டும், ஏனென்றால் இது பார்ப்பதற்கு வலுவான, உள்ளே பலவீனமான எண். 2016 முடியும்வரை அவர் கணக்கு 108-91. கடைசி மூன்று சீசன்களில் 9-26. சரிந்துபோன அணியோடு முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயதில் ஆடியதுதான் அவரைச் சமநிலைக்கு இழுத்தது. 2016-இலேயே விலகியிருந்தால் இந்த எண் பேச்சிலேயே வந்திருக்காது, ஆனால் அவர் திறமை அதே திறமையாகத்தான் இருந்திருக்கும்.

ஆதரவாளர் இங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். "வெற்றி தோல்வி அணியின் கணக்கு, குவார்ட்டர்பேக் கணக்கு அல்ல" என்று ஒரு படி மேலே போனால், இரண்டு சூப்பர் பௌல் வெற்றியும் அதே வாயால் அணியின் கணக்குக்குப் போய்விடும். விவாதங்களில் மிக அடிக்கடி நடக்கும் தற்கொலை இது. இதே பள்ளம் எதிர்ப்பாளருக்கும் உண்டு: 117 தோல்வியை அவர் தலையில் கட்டிவிட்டு, 2007-இல் ஜெயித்தது டிஃபென்ஸ்தான் என்று சொல்ல முடியாது.

ப்ளேஆஃப்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

ஈலையின் ப்ளேஆஃப் கணக்கு 8-4. அதை அப்படியே சொன்னால் பாதி உண்மை. எட்டு வெற்றியும் 2007, 2011 என்ற இரண்டே சீசன்களில். 2005, 2006, 2008, 2016 ஆகிய மற்ற நான்கிலும் முதல் ஆட்டத்திலேயே வெளியேற்றம். மிச்சமுள்ள பத்து சீசன்களில் ப்ளேஆஃபே ஆடவில்லை. ஆகவே முழு வாதமும் இந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: எட்டு ஆட்டங்களின் எடை, 234 ஆட்டங்களின் சராசரிக்கு எதிராக எவ்வளவு?

இரண்டு ஓட்டங்களையும் ஒன்றாகக் கட்டிப் பேசாதீர்கள். அவை வேறு வேறு வகை.

2007 சீசனில் டிஃபென்ஸ் வாதம் செல்லும். சூப்பர் பௌலில் எதிரே நின்ற பேட்ரியட்ஸ் அந்த ஆண்டு 589 புள்ளி எடுத்து அன்றைக்குச் சாதனை படைத்த அணி, 18-0 என்று வந்து நின்றது. அவர்களை 14 புள்ளியில் அடக்கியதும், அவர்களுடைய குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை ஐந்து முறை ஸாக் செய்ததும் ஜயன்ட்ஸின் டிஃபென்ஸ் வரிசை. ஈலையின் பங்கு 34-இல் 19, 255 யார்டு, 2 டச்டவுன், 1 இன்டர்செப்ஷன்.

ஆனால் கடைசி டிரைவை, அதாவது பந்து ஜயன்ட்ஸ் கையில் இருந்த கடைசித் தொடரை, மட்டும் தனியாக எடுத்து ஒவ்வொரு முயற்சியாகப் பிரியுங்கள். 2:39 நிமிடம் மிச்சம், 14-10 பின்னடைவு, சொந்தப் பக்கம் 17-ஆம் யார்டு. அங்கிருந்து 12 முயற்சியில் 83 யார்டு. எல்லோரும் காட்டும் காட்சி ஜயன்ட்ஸ் ரிசீவர் டேவிட் டைரீ பந்தை ஹெல்மெட்டோடு அழுத்திப் பிடித்தது, 1:15 மிச்சம் இருக்கையில், மூன்றாம் டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது). அதை நான்கு துண்டாக்கி யாருக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போடுங்கள். சட்டையைப் பிடித்து இழுத்தவர்களிடமிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்தது ஈலை. நடுக்களத்தில் ஆட்கள் கூடியிருந்த இடத்துக்குத் தூக்கிப் போட்டதும் ஈலை, அது ஆபத்தான வீச்சு. பேட்ரியட்ஸின் ராட்னி ஹாரிசன் மேலே விழுந்தும் 32 யார்டுக்குப் பந்தை விடாமல் வைத்திருந்தது டைரீ. இதற்கு முந்தைய வீச்சில் பேட்ரியட்ஸின் அசான்டே சாமுவேல் கைக்கு எட்டிய இன்டர்செப்ஷனைத் தவறவிட்டார், அது முழுக்க அதிர்ஷ்டம். இப்படிப் பிரித்துப் போட்டால் "அதிர்ஷ்டம்" என்பவரும் "மேதை" என்பவரும் ஒரே காட்சியை வைத்துக் கத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 35 வினாடி மிச்சம் இருந்தபோது ப்ளாக்ஸிகோ பரஸுக்குப் போன 13 யார்டு டச்டவுனுக்கும் இதே முறை.

2011 வேறு. இங்கே டிஃபென்ஸ் வாதம் செல்லாது. அந்த ஜயன்ட்ஸ் 9-7. எடுத்த புள்ளி 394, கொடுத்த புள்ளி 400. ரெகுலர் சீசனில் கொடுத்ததைவிடக் குறைவாக எடுத்துவிட்டு சூப்பர் பௌல் வென்ற முதல் அணி அதுதான். ஓடி எடுத்த யார்டில் லீக்கில் கடைசி இடம். அணியைத் தூக்கிச் சுமந்தது வீச்சு: 4,933 யார்டு, நான்காம் குவார்ட்டரில் மட்டும் 15 டச்டவுன், அது அன்றைய சாதனை. ப்ளேஆஃபில் 9 டச்டவுன், 1 இன்டர்செப்ஷன். சான் ஃபிரான்சிஸ்கோவில் 58 முறை வீசியும் ஒன்றைக்கூடப் பறிகொடுக்கவில்லை. இறுதியாட்டத்தில் 40-இல் 30, 296 யார்டு. 3:46 மிச்சம் இருக்க, சொந்தப் பக்கம் 12-ஆம் யார்டிலிருந்து, இரண்டு டிஃபென்டர்களுக்கு நடுவே இடது எல்லைக்கோட்டை ஒட்டி மேரியோ மேனிங்ஹாமுக்குப் போட்ட 38 யார்டு வீச்சில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை.

ஆதரவாளராக ஒருவருக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால், ஹெல்மெட் காட்சியை விட்டுவிட்டு 2011-ஐப் பேசுவதே புத்திசாலித்தனம். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முன்னுதாரணத்தை எப்படிக் கையாள்வது

"சூப்பர் பௌல் ஆட்ட நாயகன் விருதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாங்கியவர்கள் பார்ட் ஸ்டார், பிராட்ஷா, மான்டானா, பிரேடி, மஹோம்ஸ், ஈலை. இதில் வாக்கெடுப்பைச் சந்தித்தவர்களில் ஈலை மட்டும் வெளியே" என்பார்கள். நல்ல வாதம். உடனே ஜிம் ப்ளங்கெட் வந்து நிற்பார்: தொடக்க குவார்ட்டர்பேக்காக இரண்டு சூப்பர் பௌல் வெற்றி, ஒன்றில் ஆட்ட நாயகன், ரெகுலர் சீசனில் 72-72, இன்றுவரை வெளியேதான். பதில் தயாராக இருக்கட்டும்: ப்ளங்கெட்டுக்கு 164 டச்டவுனுக்கு 198 இன்டர்செப்ஷன், ஈலை அந்த நிலையில் இல்லை. நீண்ட காலம் தொடக்க ஆட்டக்காரராக நீடித்ததும் ப்ளங்கெட்டிடம் இல்லை.

"173 டச்டவுன், 220 இன்டர்செப்ஷன் வைத்துக்கொண்டு நேமத்தே உள்ளே இருக்கிறார்" என்ற வாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே இருப்பவர்களில் ஆகக் குறைந்தவரைக் காட்டி அவரைவிட மேல் என்றால், வாசல் அகன்றுகொண்டே போகும், எதிர்த்தரப்பும் அதைத்தான் சொல்லும். நேமத் போனது எண்ணுக்காக அல்ல: 14 ஆட்ட சீசனில் 4,000 யார்டைத் தாண்டிய முதல் ஆள் (1967), பிறகு எளிதாக வெல்லும் என்று எல்லோரும் எதிர்பார்த்த பால்டிமோர் கோல்ட்ஸை மூன்றாவது சூப்பர் பௌலில் 16-7 என்று சாய்த்தவர். ஒப்பிடுவதானால் உள்ளே இருப்பவர்களின் நடுப்பகுதியோடு ஒப்பிடுங்கள், அதோடு வெளியே நிற்பவர்களில் சிறந்தவரோடும். இரண்டையும் செய்யாத ஒப்பீடு எதையும் நிரூபிக்காது.

நடத்தும் விதம்

தரப்புக்கு ஐந்து நிமிடம், குறுக்குக் கேள்விக்கு மூன்று நிமிடம், முடிவுரை ஒரு நிமிடம். நடுவர் ஒருவர், அவர் ஜயன்ட்ஸ் ரசிகராகவோ அவர்களின் பரம எதிரியான ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ரசிகராகவோ இல்லாமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு தரப்பும் எதிர்த்தரப்பின் மிக வலுவான ஒரு வாதத்தைத் தானே முதல் நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும். ஆதரவாளர் 6.57-ஐச் சொல்லட்டும், எதிர்ப்பாளர் 2011-ஐச் சொல்லட்டும். இதைக் கட்டாயமாக்கினால் பாதிக் கூச்சல் குறையும். வீடியோ துண்டு காட்டினால், அதே ஆண்டில் அவர் சொதப்பிய ஒரு துண்டும் கூடவே காட்ட வேண்டும்.

பேசத் தொடங்குமுன் இருவரும் ஒரு எண்ணை எழுதி மடித்து நடுவரிடம் கொடுங்கள்: உச்சத்துக்கு நூற்றுக்கு எத்தனை, நீடித்த தரத்துக்கு எத்தனை. 50-50 என்று எழுதியவர் ஈலையை ஆதரிப்பது கடினம். 70-30 என்று எழுதியவர் எதிர்ப்பது கடினம். நடுவர் பார்க்க வேண்டியது, பேசும்போது அவரவர் தாம் எழுதிய எடையில் நிற்கிறார்களா என்பதைத்தான். எடையைப் பாதியில் மாற்றினால் அந்தப் புள்ளி எதிராளிக்கு. நம் கணக்கில் 60-40-இல் வைத்தால் ஈலை உள்ளே போகிறார், ஆனால் முதல் ஆண்டில் அல்ல. ட்ரூ ப்ரீஸ் போன்றவர் அதே பட்டியலில் நிற்கும் ஆண்டிலும் அல்ல.

தாளை ஆண்டுக்கு ஒருமுறை திருத்துங்கள். ஃபிலிப் ரிவர்ஸ் 2025 டிசம்பரில், 44 வயதில், இந்தியானபோலிஸ் கோல்ட்ஸுக்காக மீண்டும் களமிறங்கியதால் அவருடைய ஐந்தாண்டுக் கடிகாரம் முதலிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டது. சில ஆண்டுகளுக்கு அவர் ஈலையின் போட்டியாளர் இல்லை, ஒப்பீட்டுக்கு மட்டும்தான். ஆனால் 165 வெற்றி, 81 தோல்வி, ஒரு சமநிலை என்ற கணக்கோடு ராத்லிஸ்பெர்கர் 2027 பட்டியலுக்குத் தகுதி பெறுகிறார். அவரும் இரண்டு சூப்பர் பௌல் வென்றவர். அவர் பெயர் வந்ததும் ஈலையின் தாளில் முதலில் மாற வேண்டியது 2004 ட்ராஃப்ட் வரி.